சினிமாஸ்கோப் உண்ணாவிரதம்

உட்காருங்கள், உட்காருங்கள். பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே வைத்தால் இந்த வண்டி ஆடுகிற ஆட்டத்தில் யார் தலையிலாவது விழும். விழுந்தால் வண்டியைத் திட்டுவார்கள். இந்த வண்டியை யாராவது திட்டினால் எனக்குப் பொறுக்காது. ஏனென்றால் இது நான் கொண்டுவந்த வண்டி.

சிரிக்காதீர்கள் தம்பி. தம்பி என்று கூப்பிடலாம் அல்லவா? எனக்குத் தோழர் என்றுதான் வாயில் வரும். ஆனால் இந்தக் காலத்தில் முன்பின் தெரியாதவரைத் தோழர் என்று கூப்பிட்டால், கையில் நோட்டீஸ் கொடுத்துவிடுவேன் என்று பயந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று சொல்லவில்லை. போராடிக் கொண்டுவந்தேன். பாறைக்குளம் காலனியிலிருந்து நல்லூரணி டவுனுக்குப் போகிற இந்தப் பேருந்தைப் போன வருஷம் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். ஆள் ஏறவில்லையாம். ஆள் ஏறவில்லையா! படியில் தொங்கிக்கொண்டு போன ஜனம் கண்ணுக்குத் தெரியவில்லை. வண்டி நின்றதும் எங்கள் ஜனம் மெயின் ரோடு வரைக்கும் பொட்டல் வெயிலில் நடந்தது. சர்க்கரை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போன கிழவர்கள், நடந்த நடையில் சர்க்கரை குறைந்துபோய் மாத்திரை தேவைப்படாமல் திரும்பி வந்தார்கள்.

என் பெயர் பரஞ்சோதி. டவுனில் 'போராட்டம் பரஞ்சோதி' என்று கேட்டுப் பாருங்கள். நாலு கட்சியில் இருந்தவன். நாலு கட்சியும் என்னை விட்டு விலகிவிட்டன. நான் கொள்கையிலேயே நிற்கிறேன். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. துண்டறிக்கை படித்துத் தமிழ் கற்றவன். அதனால்தான் வீட்டில் மோர் கேட்டாலும் மேடையில் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று என் மனைவி கனி சொல்வாள். சிறைக்கும் போயிருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் அடைத்து, மத்தியானம் சாம்பார் சாதம் கொடுத்து, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். அதுவும் சிறைதான். வெளியே பூட்டியிருந்தது.

இவ்வளவு செய்தும் வரலாற்றில் என் முகம் இல்லை, தெரியுமா? பத்திரிகையில் படம் வராமல் இல்லை. வந்திருக்கிறது. ஒன்றில் என் முழங்கை. ஒன்றில் தோள் துண்டின் நுனி. தண்ணீர்த் தொட்டிப் போராட்டத்தில் ஒரு காது முழுதாக வந்தது. படம் எடுக்கிறவர்களிடம் கேட்டால், "அண்ணாச்சி, நீங்க ஓரத்துல நின்னுட்டீங்க, கட்டத்துக்குள்ள வரல" என்பார்கள். எவன் போட்ட கட்டம்? அதைத்தான் நான் கேட்கிறேன். மக்களை ஒரு கட்டத்துக்குள் அடைக்க இவர்கள் யார்?

அந்த ஆத்திரத்தில் இருந்தபோதுதான் ஜெசிந்தாவின் லென்ஸைப் பார்த்தேன்.

ஜெசிந்தா எங்கள் காலனிப் பெண். டவுனில் ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பவள். மாப்பிள்ளையைக்கூட அதட்டி நிற்க வைப்பாள். தங்கம் டாக்கீஸை இடித்தபோது பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு லென்ஸை வாங்கி வந்திருந்தாள். செம்புச் சொம்பு அளவு இருக்கும். தூக்கிப் பார்த்தால் கருங்கல் கனம்.

"இது என்னம்மா?" என்று கேட்டேன்.

"சினிமாஸ்கோப் லென்ஸ் அண்ணாச்சி. அனமார்பிக்னு சொல்வாங்க. ஃபிலிம்ல ஒடுக்கி வச்சிருக்கிற படத்த இது திரையில அகலமா விரிச்சுக் காட்டும். நான் இதத் திருப்பி கேமராவுக்கு முன்னால மாட்டப் போறேன். அப்ப என்ன ஆகும்? விரிஞ்சு கிடக்கிற ஊர ஒடுக்கி உள்ள அனுப்பும். பிறகு நான் கம்ப்யூட்டர்ல வச்சு இழுத்து விட்டுருவேன். தியேட்டர்ல பாக்கிற மாதிரி நீள அகலமா வரும். ஓரத்துல நிக்கிறவனும் உள்ள வந்துருவான்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. "ஒடுக்கப்பட்டதை விரிப்பது உன் வேலை. என் வேலையும் அதுதானம்மா!" என்றேன்.

"அண்ணாச்சி, இதச் சொல்ல ஆரம்பிச்சிட்டீங்கன்னா விடிஞ்சிரும். எனக்கு வளையம் கடையணும்" என்று லேத் பட்டறைக்குப் போய்விட்டாள்.

அந்த லென்ஸைக் கேமராவோடு சேர்க்க ஒரு வளையம் வேண்டும். கடையில் கிடைக்காது. பட்டறையில் கடைந்து, சுற்றி மூன்று திருகு வைத்து இறுக்கினாள். முதல் நாள் சோதனைக்கு எங்கள் காலனியை எடுத்துக் காட்டினாள். தண்ணீர்த் தொட்டி குடித்தவன் மாதிரி சாய்ந்து நிற்கிறது. வீடெல்லாம் சாய்ந்து நிற்கிறது. கனி மட்டும் இடுப்பில் குடத்தோடு மறுபக்கம் சாய்ந்து நடந்து வருகிறாள், அதனால் அவள் மட்டும் நேராகத் தெரிகிறாள். திருகு லூஸாகி லென்ஸ் கொஞ்சம் திரும்பிவிட்டதாம். அவ்வளவுதான், ஊரே சாய்ந்துவிடும். நான் சொன்னேன், "இதை அப்படியே விடு, ஆட்சியின் கோணலைக் காட்டுகிறது." அவள் கேட்கவில்லை.

நான் முதலில் திட்டமிட்டது ஊர்வலம். காலனியிலிருந்து டிப்போ வரை கொடி, கோஷம், முன்னால் நான். துண்டறிக்கைகூட அச்சடித்துவிட்டேன். ஜெசிந்தா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நடக்கவா போறீங்க? அண்ணாச்சி, இதுல ரெண்டு ஃபோகஸ் இருக்கு. முன்னால உள்ள லென்ஸயும் திருகணும், கேமரா லென்ஸயும் திருகணும். ரெண்டும் ஒண்ணு சேர்ந்தாத்தான் முகம் தெளிவா இருக்கும். நீங்க ரெண்டு எட்டு முன்னால வந்தீங்கன்னா ஒரு கையால அத, ஒரு கையால இத... மூணாவது கையால நான் கேமராவப் பிடிக்கணும். இருக்கா எனக்கு?"

"அப்படியானால் நின்று பேசுகிறேன்."

"நீங்க நின்னு பேசி நான் பாத்ததில்ல. குதிச்சுத்தான் பாத்திருக்கேன். உக்காந்த இடத்துல அசையாம இருக்கிற மாதிரி போராட்டம் ஏதாவது இருந்தாச் சொல்லுங்க."

தம்பி, போராட்ட வடிவத்தை மக்கள் தீர்மானிப்பார்கள், சூழல் தீர்மானிக்கும் என்று துண்டறிக்கைகளில் படித்திருக்கிறேன். ஒரு திருகு தீர்மானித்தது அன்றைக்குத்தான். ஊர்வல அறிவிப்பைக் கிழித்துப் போட்டேன். சாகும்வரை உண்ணாவிரதம் என்று புது நோட்டீஸ் அடித்தேன்.

காலனி முக்கில், பேருந்து நிற்கிற இடத்திலேயே பந்தல். நடுவில் நான். பக்கத்தில் இருளப்பன். இருளப்பன் எங்கள் போராட்டக் குழுவின் செயலாளர். நான் தலைவர், அவன் செயலாளர், மற்றவர்கள் மக்கள். லாரியில் மூட்டை ஏற்றியவன், இப்போது வேலைக்குப் போவதில்லை. ஆள் ஒல்லி என்றால் அப்படி ஒல்லி. வேட்டியைக் கொடியில் காயப்போட்ட மாதிரிதான் இடுப்பில் கிடக்கும்.

முதல் நாளே தகராறு. ஜெசிந்தா கேமராவுக்குள் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, எங்க கூட்டம்?" என்றாள்.

"இதோ இருக்கிறார்களே."

"இது சாதா கேமராவுக்குக் கூட்டம். இதுக்கு அந்தப் பக்கம் டீக்கடை வரைக்கும் தெரியுது, இந்தப் பக்கம் பால்வாடி வரைக்கும் தெரியுது. நடுவுல நீங்க பத்துப் பேரு. அகலமா எடுத்தா ஆளும் அகலத்துக்கு வேணும்ல?"

உடனே நான் மக்களை விரித்தேன். ஒருவர் கை நீட்டினால் இன்னொருவரைத் தொடக்கூடாது, அவ்வளவு இடைவெளி விட்டு உட்காருங்கள் என்றேன். பந்தல் நிழல் போதவில்லை. வெயிலில் விழுந்தவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அகலத்தால் வந்த நஷ்டம் அது. மற்ற நஷ்டத்தைப் பிறகு சொல்கிறேன்.

உண்ணாவிரதம் சுத்தமான உண்ணாவிரதம். அதில் சந்தேகம் வேண்டாம். நான் தண்ணீர் மட்டும்தான் எடுத்தேன். வெறும் தண்ணீர் தொண்டையைக் கட்டும், கோஷம் போட முடியாது என்பதால் அதில் கொஞ்சம் தேன். தேன் சூடு, அதனால் இளநீர். சாயங்காலம் கனி பிளாஸ்கில் நீராகாரம் கொண்டு வருவாள். அதில் சோறு அடியில் கிடக்கும், நான் மேலாகத்தான் குடிப்பேன். சில நேரம் பிளாஸ்கைக் கவிழ்த்தால் தானாக வந்து விழும். அதற்கு நான் என்ன செய்ய? போராட்டத்தில் இருக்கிறவன் உணவை வீணாக்கலாமா?

இருளப்பனுக்கும் நீட்டுவேன். "வேண்டாம்ணே, பசிக்கல" என்பான். பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பந்தக்காலில் சாய்ந்துகொள்வான். அவனுக்கு இயற்கையிலேயே பசி கிடையாது போலிருக்கிறது. பசியே இல்லாதவன் பட்டினி கிடப்பதில் என்ன தியாகம் இருக்கிறது, சொல்லுங்கள்? பசித்தும் கட்டுப்படுத்திக்கொள்கிறவன்தான் தியாகி.

ஒரு அதிகாரி எட்டிப் பார்க்கவில்லை. ஒரு பத்திரிகைக்காரன் வரவில்லை. பந்தலுக்கு வந்தது ஒரு பசுமாடு. அது என் துண்டறிக்கைகளைத் தின்றது. பிறகு இன்னொரு மாட்டையும் கூட்டிக்கொண்டு வந்தது. எங்கள் இயக்கத்தில் ஆள் சேர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

நான் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன். "எடுத்ததை வெளியே விடு அம்மா, நாடு பார்க்கட்டும்."

"அண்ணாச்சி, ஒரு கல்யாணத்துல நிக்கேன். தாலி கட்டப் போறாங்க. முடிச்சிட்டு வந்து கம்ப்யூட்டர்ல இழுத்துச் சரி பண்ணித் தாறேன்."

"தாமதம் என்பது ஆளும் வர்க்கத்தின் ஆயுதம்."

"யாரு, நானா ஆளும் வர்க்கம்?"

பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போன் போட்டேன். கெட்டிமேளத்துக்கு நடுவிலும் போட்டேன். கடைசியில் பொறுக்காமல் என் போனுக்கு ஒரு துண்டு வீடியோ அனுப்பினாள். கூடவே எழுதியிருந்தாள்: "இது இழுக்காத படம். நீங்க மட்டும் பாருங்க. யாருக்கும் அனுப்பிராதீங்க."

நான் பார்த்தேன்.

தம்பி, என்னத்தைச் சொல்ல. கண்ணாடியில் தினமும் என்னைப் பார்க்கிறேன். அது வெளித்தோற்றம். இவ்வளவு வருஷப் போராட்டத்தில் எனக்குள்ளே ஒருவன் தேய்ந்து தேய்ந்து கிடக்கிறான் அல்லவா, அவனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கழுத்து நீண்டு, நெஞ்சு வற்றி, விரலெல்லாம் குச்சி குச்சியாக. நெடிய உருவம். தீக்குச்சியில் துண்டு போட்டது மாதிரி. கண்கள் மட்டும் கனன்றன. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கனியிடம் காட்டினேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "இது யாருங்க?" என்றாள். பெண்களுக்கு அரசியல் பார்வை வர நாளாகும்.

அனுப்பாதே என்றால்? தன் பிணம் தெருவில் கிடக்கும்போது எவனாவது சும்மா இருப்பானா? எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினேன். காலனிக் குழு, மாவட்டக் குழு, என்னை நீக்க மறந்துபோன பழைய கட்சிக் குழு, கனி வீட்டுக் குலதெய்வக் கோயில் குழு. மேலே நானே ஒரு வரி எழுதினேன். 'உயிர் ஊசலாடுகிறது! நீதி உறங்குகிறது!'

அவ்வளவுதான். பற்றிக்கொண்டது.

யாரும் அந்தப் படத்தில் வேறு எதையும் கவனிக்கவில்லை பாருங்கள். தண்ணீர்க் குடம் கூஜா மாதிரி நீண்டிருந்தது. பசுமாடு ஒட்டகம் மாதிரி நின்றது. பக்கத்தில் இருளப்பன் கொடிக்கம்பம். 'பந்தலில் கொடிக்கம்பம் நட்டிருக்கிறீர்கள், கொடி எங்கே?' என்று ஒரு தோழர்கூடக் கேட்டிருந்தார். எல்லோர் கண்ணும் என் முகத்தில்தான். காலனிப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். டவுனிலிருந்து ஆட்டோ ஆட்டோவாக ஆள். ஜெசிந்தா கேட்ட அகலத்துக்கு மேலேயே கூட்டம். திருப்பூரிலிருந்து என் கொழுந்தியாள் மாரிலடித்துக்கொண்டு வந்தாள். "அத்தான்... எங்க அத்தான்..." என்று கத்திக்கொண்டே பந்தலுக்குள் நுழைந்தவள், என்னைப் பார்த்ததும் பாதி அழுகையில் நிறுத்திவிட்டாள்.

"என்னத்தான், போன பொங்கலுக்குப் பாத்ததுக்கு ஒரு சுத்துப் பெருத்திருக்கீங்க?"

வீக்கம் என்றேன். பட்டினியில் வீங்கும்.

மறுநாள் கோட்டாட்சியர் அம்மாவே வந்துவிட்டார். ஜீப், போலீஸ், ஆம்புலன்ஸ், டாக்டர். அந்தப் படம் அவர் போனுக்கும் போயிருக்கிறது. தன் எல்லைக்குள் ஒரு தியாகி செத்துவிடக் கூடாதே என்று பதறி வந்திருக்கிறார். ஜெசிந்தா கேமராவோடு தயாராக நிற்கிறாள். நான் துண்டைச் சரிசெய்துகொண்டு கண்ணை லேசாக மூடிக்கொண்டேன். வரலாறு பந்தலுக்குள் வருகிறது, தம்பி! வந்து என்ன செய்தது தெரியுமா?

என்னைத் தாண்டிப் போய்விட்டது.

அந்த அம்மா நேரே இருளப்பனிடம் போய், "ஐயா, பேச முடியுதா?" என்று கேட்கிறார். டாக்டர் அவன் நாடியைப் பிடிக்கிறார். நான், "அம்மா, தலைவர் நான்தான்" என்றேன். "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்றார். இருளப்பன் என்ன செய்திருக்க வேண்டும்? 'தலைவர் அவர்' என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் அந்த நேரம் பார்த்து மயங்கி விழுந்துவிட்டான். விளம்பரம்! சர்க்கரை சுத்தமாக இறங்கிவிட்டது, ஒரு வேளைச் சோறுகூட உள்ளே போகவில்லை என்று டாக்டர் சத்தம் போடுகிறார். சலைன் பாட்டிலைப் பந்தக்காலில் கட்டுகிறார்கள். கூட்டம் "ஐயோ இருளப்பா" என்கிறது. ஒரு செயலாளர் செய்கிற காரியமா இது?

நான் ஆத்திரத்தில் பேசவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். அவனுக்குக் கண் திறந்ததும் அங்கேயே கோட்டாட்சியர் அம்மா அறிவித்தார்: நாளைக் காலையிலிருந்து பேருந்து ஓடும். கைதட்டல் வானத்தைப் பிளந்தது. பிறகு பழரசம். உண்ணாவிரதத்தை முடித்துவைப்பது என்றால் அதிகாரி கையால் தலைவர் பழரசம் வாங்கிக் குடிக்க வேண்டும். அந்தப் படம்தான் மறுநாள் பத்திரிகைக்குப் போகும். உலக வழக்கம் அது. சாத்துக்குடிச் சாறு, ஒரே ஒரு டம்ளர். அதை அந்த அம்மா இருளப்பன் வாயில் வைத்தார்.

என் கண் முன்னால் தம்பி. நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மறுநாள் வண்டி வந்தது. அந்தி மங்கலில் அது கடைசி நடை வந்ததை ஜெசிந்தா எடுத்திருக்கிறாள். முகப்பு விளக்கிலிருந்து ஒரு நீலக் கோடு திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீண்டு கிடக்கிறது. அந்த லென்ஸின் குணமாம் அது. அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், அழகாக இருக்கிறது. ஆனால் ஊர் இந்த வண்டிக்கு என்ன பெயர் வைத்திருக்கிறது தெரியுமா? 'இருளப்பன் பஸ்.' நீங்கள் ஏறும்போது நடத்துநர் அப்படித்தானே கத்தினார்? "இருளப்பன் பஸ், டவுனு, டவுனு!" கனி தினமும் இதில் இலவசச் சீட்டில் போகிறாள். பெண்களுக்குக் கொடுத்த உரிமை, வரவேற்கிறேன். வண்டியைக் கொண்டுவந்தவன் காசு கொடுத்துச் சீட்டு எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

இருளப்பனிடம் கேட்டேன். "ஊர் இப்படிச் சொல்கிறதே, நீ மறுக்க வேண்டாமா?"

"பஸ் வந்துச்சுல்லண்ணே" என்கிறான். பாருங்கள், அரசியல் தெளிவே இல்லை.

நாளைக்கு வண்டி திரும்பி வந்து ஒரு வருஷம். காலனி மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி ஜெசிந்தா அந்த முழுப் படத்தையும் போடுகிறாள். டவுனிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. நேற்று எனக்கு மட்டும் போட்டுக் காட்டினாள். நான் கொதித்துப் போனேன். இழுத்துவிட்டாள்! எல்லாவற்றையும் இழுத்து விரித்துவிட்டாள். எங்கே என் ஒட்டிய கன்னம்? எங்கே அந்த நெடிய உருவம்? பந்தலில் யாரோ ஒரு அரிசி மண்டிக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

"இது பொய் ஜெசிந்தா. அன்றைக்கு நீ அனுப்பியதுதான் உண்மைப் படம். அதைப் போடு."

"அது ஒடுங்கின படம் அண்ணாச்சி. அதத் திரையில போட்டா மாட்டப் பாத்தே ஊரு சிரிச்சுரும். இதுதான் நீங்க."

"நான் என்பதை நீ எப்படித் தீர்மானிக்கிறாய்?"

"நான் தீர்மானிக்கல. கனி மதினிகிட்ட கேட்டேன். அவங்களும் இதுதான் நீங்கன்னு சொல்லிட்டாங்க."

சரி, உருவம் போகட்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் கடைசியில் அந்தப் பழரசம். நடுவில் இருளப்பன் குடிக்கிறான். அந்த ஓரத்தில் நான். சாதாக் கேமரா என்றால் நான் வந்திருக்கவே மாட்டேன். பாழாய்ப்போன அகலத்தால் முழுசாக வந்திருக்கிறேன், கையை நீட்டிக்கொண்டு. பழரசத்துக்கு ஆலாய்ப் பறக்கிறவன் மாதிரி. இதை ஊர் முழுக்கப் பார்க்க வேண்டுமா? வெட்டு என்றேன்.

"ஓரத்த வெட்டுறேன். ஆனா அப்புறம் முடிவுல நீங்களே இருக்க மாட்டீங்க. பஸ் கிடைச்ச நேரத்துல தலைவர் எங்கன்னு கேப்பாங்க. உக்காந்து யோசிங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க, அதுக்கு மேல எனக்கு நேரமில்ல" என்றாள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இருந்தால் பிச்சைக்காரன். வெட்டினால் ஆளே இல்லை. வெட்டு என்று சொல்லத்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறேன். வாழ்க்கை முழுக்க இல்லாமலே இருந்தாயிற்று, இதிலும் இல்லாமல் போகிறேன். என்ன?

நீங்களே பாருங்கள். அந்த இடத்தை மட்டும் போனில் கொடுத்திருக்கிறாள். போனைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். இதோ, இதுதான் கோட்டாட்சியர் அம்மா. இது அந்தக் கொடிக்கம்பம், இருளப்பன். ஓரத்தில் நான். அந்த லென்ஸில் ஓரம் கொஞ்சம் மங்கும், அதனால் முகம் தெளிவாக இல்லை. கை மட்டும் உள்ளே நீண்டிருப்பதால் பளிச்சென்று விழுந்திருக்கிறது. பார்த்தீர்களா என் கேவலத்தை?

என்ன சொன்னீர்கள்?

வண்டிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள்.

'அவருக்கு முதல்ல குடுங்கன்னு கை காட்டுறீங்களா'வா?

போனைக் கொடுங்கள். கொஞ்சம் இருங்கள், மறுபடி ஓட்டுகிறேன்.

அம்மா டம்ளரை எடுக்கிறார். நான் கையை நீட்டுகிறேன். உள்ளங்கை மேலே பார்த்திருக்கிறது. டம்ளர் என் பக்கம் வரவில்லை, அவன் பக்கம் போகிறது. நான் கையை மடக்கவில்லை. ம். 'அவருக்கு முதலில் கொடுங்கள்.' ஆமாம் தம்பி. ஆமாம். அப்படித்தான் இருக்கிறது. அப்படித்தான் நடந்தது! கூட்டத்தின் இரைச்சலில் என் குரல் பதிவாகவில்லை. சோர்ந்து கிடக்கிற தோழனுக்கு முதலில் கொடு என்று ஒரு தலைவன் சொல்ல மாட்டானா? பட்டினி கிடந்த நானே எனக்கு வேண்டாம் என்று அவனுக்குக் காட்டுகிறேன். நான் காட்டிய பிறகுதானே அந்த அம்மா கொடுக்கிறார்! இவ்வளவு நாள் இது எனக்கே தெரியாமல் போயிற்றே. தன்னடக்கம், தம்பி. தன்னடக்கம் மனுஷனைக் குருடாக்கிவிடும்.

கொஞ்சம் பொறுங்கள். ஜெசிந்தாவைப் பிடிக்கிறேன்.

ஹலோ... ஜெசிந்தாவா? நான்தான். வெட்டாதே! ஓரத்தை வெட்டாதே. ஒரு இம்மி வெட்டக் கூடாது. ஆமாம், அகலம் முழுசாக இருக்கட்டும். உருவமும் அப்படியே இருக்கட்டும். தலைவன் என்றால் கொஞ்சம் உடம்பு இருந்தால்தான் பெருந்தன்மை தெரியும்... என்ன? இல்லை, காய்ச்சல் ஒன்றும் இல்லை. அந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவாக ஓட்ட முடியுமா? முடியுமா? நல்லது. வைக்கிறேன்.

தம்பி, நீங்கள் நாளைக்குச் சாயங்காலம் ஊரில்தானே இருக்கிறீர்கள்? இல்லாவிட்டாலும் இருங்கள். இதே வண்டியில் வந்துவிடுங்கள், கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் மைதானம். முன் வரிசையில் வேண்டாம், முன் வரிசை என்றால் நம்ம ஆள் என்று நினைத்துவிடுவார்கள். நடுவில் உட்காருங்கள். உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. அந்தப் பழரசக் காட்சி வரும். என் கை நீளும். அப்போது உங்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள். நான் சொல்லச் சொல்லவில்லை, நீங்கள் சொன்னதைத்தான் சொல்லச் சொல்கிறேன். 'அடடா, அவருக்கு முதல்ல குடுங்கன்னு சொல்றாரு பாரு!' அவ்வளவுதான். அந்த 'அடடா' முக்கியம்.

எங்கே, ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

ஊகூம். இன்னும் கொஞ்சம் சத்தமாக. டிரைவர் திரும்பிப் பார்க்க வேண்டாமா?